மருந்திட்ட கைக்கும் மருந்து

மருத்துவமனையில் தவறு நேர்ந்தால், முதலில் துன்புறுபவர் நோயாளர். அவரோடு அவர்தம் குடும்பத்தார். இதில் ஐயமில்லை. ஆயினும், அத்தவற்றுக்குக் காரணமான மருத்துவரோ தாதியோ அன்றிரவு எவ்வாறு உறங்குவார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ அதனை எண்ணிப் பார்த்தார். அவர் பயிற்சி பெற்ற காலத்தில் உடன் பணியாற்றிய இளம் மருத்துவர் ஒருவர், இதயத் துடிப்பு வரைபடத்தில் தோன்றிய ஆபத்தின் அறிகுறியைக் காணத் தவறினார். செய்தி விரைந்து பரவியது. சக மருத்துவர்களே நீதிபதிகளாகி, அவரைத் திறமையற்றவர் என்று தீர்ப்பளித்தனர். இரக்கம் காட்டுவார் அரிதாயினர். 'அதே தவற்றை நாமும் செய்திருக்கக் கூடுமன்றோ!' என்னும் அச்சம் வூவின் உள்ளத்தை வாட்டியது. 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், அத்தகையோரை அவர் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று குறித்தார்.

2009ஆம் ஆண்டில் சூசன் ஸ்காட்டும் அவர்தம் குழுவினரும் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, இத்துயரின் போக்கை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டிற்று. கடைசிப் படியில் வழி மூன்றாகப் பிரிகின்றது: சிலர் பணியையே துறக்கின்றனர், சிலர் ஆறாத வடுவோடு காலம் கழிக்கின்றனர், சிலர் பாடம் கற்று மேலும் சிறக்கின்றனர்.

எவ்வழியில் செல்வது என்பதில் உடனிருப்போர்க்கும் பங்குண்டு. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011ஆம் ஆண்டில் 'ரைஸ்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்ற சக பணியாளர்கள், கலங்கிய தோழரை நாடிச் சென்று செவிமடுப்பர். தவற்றை ஆராய்வது அவர்கள் வேலையன்று. கேட்டவற்றை வெளியே சொல்வதுமில்லை.

'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்னும் பெயரைக் கைவிட வேண்டுமென, மருத்துவத் தவற்றால் உறவினரை இழந்தோர் 2019ஆம் ஆண்டில் எழுதினர். அப்பெயர் பொறுப்பை மறைத்துவிடும் என்பது அவர்கள் கவலை. அக்கவலை நியாயமானதே. இழந்தவர்க்கு உண்மையைச் சொல்லுதல் கடமை. அக்கடமையை எந்த ஆறுதலும் நீக்கிவிடாது.

எனினும், உண்மையைச் சொல்லவும் உள்ளத்தில் உரம் வேண்டும். அஞ்சி நடுங்குபவர் மறைக்கவே முற்படுவார். மறைத்த தவறு மீண்டும் நிகழும். தோள் கொடுப்பார் இருப்பின் அவர் நிமிர்ந்து நின்று நடந்ததைக் கூறுவார். அடுத்த நோயாளியின் நாடியைப் பார்க்கப் போவதும் அவர் கைதானே!