கழற்றுவதற்கு வழிவைத்து மாட்டு

பழைய பிக்கப் ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்திச் சொந்தக் கையால் சரிசெய்ய வேண்டும் என்ற ஆசையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரும் தம்பிகளில் பாதிப் பேர் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரிலோ போச்சம்பள்ளியிலோ ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். அங்கே ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும். சாமல்பட்டியில், என் கொட்டகையில், அதைக் கை சொல்ல வேண்டும். கை சொல்வதற்கு வருடங்கள் ஆகும். அந்த வருடங்களைக் கொஞ்சமாவது குறைத்துக்கொடுக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் தொட்டது மஹிந்திரா எஃப்.சி. பிக்கப். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் கொண்டுவந்த வண்டி. மஹிந்திரா 1965-இல் இங்கே எடுத்தது. ஜீப்பின் சேஸிஸ் மேலே முகத்தை முன்னால் தள்ளி வைத்த கட்டுமானம். டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவே இன்ஜின். சின்ன நீளத்தில், சுமை ஏற்றப் பெரிய தொட்டி கிடைக்கும். அதற்கு விலை, வெயில் காலத்தில் முழங்காலில் ஏறும் சூடு. இன்ஜின் நான்கு சிலிண்டர் ஹரிகேன் பெட்ரோல். ஏறத்தாழ 2,200 சி.சி. புளி மூட்டையும் மாங்காய்க் கூடையும் ஏற்றி இந்தப் பக்கத்து மண் ரோட்டில் அது ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதன் பலத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுவார், பட்டறையில் தமிழ், பெங்களூர் ஜே.சி. ரோட்டில் சாமான் வாங்கும்போது கன்னடம். மூன்றிலும் அவர் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்: “கழட்டறதுக்கு வழி வெச்சு மாட்டுடா.” நமக்குப் பிறகு இந்த வண்டியை இன்னொருவன் திறப்பான். அவன் கையில் சாதாரண ரிங் ஸ்பானர் மட்டும் இருக்கலாம். அவனால் கழற்ற முடியாத எதையும் நாம் மாட்டக் கூடாது. பழையதைச் சீர்செய்வதும் புதியதைச் சேர்ப்பதும் இந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கும் என்று இத்தனை காலத்துக்குப் பிறகும் நம்புகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் சேஸிஸ், அடுத்து பிரேக், பிறகு ஸ்டியரிங், ஒயரிங், அதற்குப் பிறகு இன்ஜின், கடைசியில் பெயிண்ட். வருகிற தம்பிகள் எல்லோரும் இன்ஜினில் ஆரம்பிக்கத்தான் ஆசைப்படுவார்கள். நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடும் பலம் கொடுத்து என்ன பயன்?

சேஸிஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். சின்னச் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும். துரு தின்ற இடம் ‘டப்’ என்று அமுங்கும். இரட்டைத் தகடு சேரும் இடங்களிலும் ஸ்பிரிங் ஹேங்கர் உட்காரும் இடங்களிலும்தான் துரு ஒளிந்திருக்கும். எங்கள் ஊரைச் சுற்றிக் கிரானைட் வேலை நடப்பதால் கல்மாவு சந்துகளில் படிந்து, மழைக்காலத்தில் சேறாகி ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே ரெட் ஆக்சைடு அடித்தால் துருவுக்குப் போர்வை போர்த்தியதாகத்தான் முடியும்.

விரிசல் கண்டால் உடனே வெல்டிங் ராடை எடுக்கக் கூடாது. விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசிப் பாருங்கள். எண்ணெய் கசிந்து கோடு காட்டும். அந்த நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் விரிசல் அங்கே நிற்கும். பிறகு ‘வி’ வடிவில் அரைத்து நிரப்ப வேண்டும். மேலே பிளேட் வைத்தால் அதன் முனை நேராக வெட்டியதாக இருக்கக் கூடாது. சாய்வாக இருக்க வேண்டும். நேர்முனை ஓரத்தில் மறுபடியும் விரிசல் விடும். பழைய ரிவெட் தளர்ந்திருந்தால் அதன் தலையை அரைத்து எடுத்துவிட்டு, ஓட்டையை ரீமர் போட்டுச் சரிசெய்து, இறுக்கமாக உட்காரும் ஹை டென்ஷன் போல்ட் போடலாம். போல்ட்டைக் கழற்றலாம். வெல்டிங் வைத்ததை வெட்டத்தான் வேண்டும்.

வெட்டியது திரும்ப வராது என்பதற்கு என் கொட்டகைக்கு வந்த பல வண்டிகள் சாட்சி. டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் ஜீப்களில் மெட்டடோர் இன்ஜினும் பியூஜோ இன்ஜினும் ஏற்றுவது எங்கும் நடந்தது. இடம் போதாத இடத்தில் கிராஸ் மெம்பரைக் கேஸ் கட்டரால் அறுத்துவிடுவார்கள். டீசல் இன்ஜின் அதிர்வு அதிகம். குறுக்குப் பிடிமானமும் போன பிறகு சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். அப்படி வந்த ஒரு வண்டியில் கதவு மூடாததற்குக் காரணம் கதவு என்று நினைத்து மூன்று பட்டறைகளில் கீல் மாற்றியிருந்தார்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் சேஸிஸ் கோணியது தெரிந்தது. அன்றிலிருந்து என்னிடம் வரும் எந்த வண்டிக்கும் முதல் வேலை நூல் பிடிப்பதுதான்.

பிடித்துக்கொண்ட நட்டைக் கழற்றுவதில்தான் பொறுமை தெரியும். முதல் நாள் இரவே மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து விடுங்கள். காலையில் ஸ்பானரை இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம் வாருங்கள். அப்போதும் வராவிட்டால் நட்டை மட்டும் சூடாக்கி மெழுகுவர்த்தியைத் தொட்டு வையுங்கள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். இன்னொன்று: பழைய ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. அது தெரியாமல் ஸ்பானரில் பைப்பைச் சொருகித் தொங்கிய ஒரு பையன் ஸ்டட்டை முறித்துவிட்டான். மேஸ்திரி திட்டவில்லை. முறிந்த ஸ்டட்டை அவன் கையில் கொடுத்து, “மரையப் பாரு, எந்தப் பக்கம் ஏறுது?” என்றார். அவன் இப்போது நல்ல மெக்கானிக்.

பிரேக்கில்தான் நான் முதல் மேம்பாட்டைச் செய்வேன். பழைய அமைப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, பாதையும் ஒன்று. ஒரே ஒரு வீல் சிலிண்டரில் வாஷர் கிழிந்தால் நான்கு சக்கரமும் பிடிக்காது. இரண்டு அறை கொண்ட டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் பாதையைப் பிரித்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கவைக்கும். அதற்கான பிராக்கெட்டைத் தனியாகச் செய்து, ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே போல்ட் போடுங்கள். லைனுக்குக் காப்பர் பைப் வளைக்கச் சுலபம், அதிர்வில் விரிசல் விடும். ஸ்டீல் பைப்பே போடுங்கள், முனையை டபுள் ஃபிளேர் செய்யுங்கள். டிரம்முக்குள் சாக்பீஸ் தேய்த்து ஒரு சுற்று சுற்றி ஷூவைக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் லைனிங் பிடிக்கிறது. மேட்டைத் தேய்த்துத் தேய்த்து முழு அகலமும் பிடிக்கும் வரை விடக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசி பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். இன்ஜின் பெட்டிக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தாலும் அதே கவனத்தோடு எடுத்துவிட்டு வேறு வெப்பத்தடுப்பு வையுங்கள்.

எஃப்.சி. வண்டியில் சுமை இல்லாதபோது பின்பக்கம் மிகவும் லேசு. முன்னால் இன்ஜினும் ஆட்களும், பின்னால் வெறும் தொட்டி. ஈர ரோட்டில் அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் ஆடும். அதனால் சிலிண்டர் அளவு மாற்றும்போது முன்பின் சமநிலையை வெறும் வண்டியிலும் மூட்டை ஏற்றியும் ஓட்டிப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஒயரிங்கில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டுவது நல்ல வேலை. டைனமோ ஐட்லிங்கில் சரியாகச் சார்ஜ் ஏற்றாது. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் முழுக் கரண்டும் சுவிட்ச் வழியாகப் போகாது. வெளிச்சம் கூடும், சுவிட்ச் எரியாது. ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ், ஒவ்வொரு முனைக்கும் கிளிப். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதை என் கொட்டகையில் யாரும் செய்ய முடியாது.

ஹரிகேன் இன்ஜினில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில். டேப்பட் கேப் இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்லெட்டுக்கு 18 தவ், எக்ஸாஸ்ட்டுக்கு 16 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஃபீலர் கேஜை உருவும்போது, மூடிய புத்தகத்துக்குள்ளிருந்து சீட்டை உருவுவதுபோல மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். சத்தம் வருகிறதென்று கேப்பைக் குறைப்பவர்கள் உண்டு. கேப் இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாது, சீட் எரிந்துபோகும். லேசான டேப்பட் சத்தம் நல்ல சத்தம் என்பார் மேஸ்திரி. போர் தேய்ந்திருந்தால் டயல் கேஜ் போட்டு மேல், நடு, கீழ் என்று அளந்த பிறகே லேத்துக்கு அனுப்புங்கள். பிஸ்டன் கைக்கு வந்து, அதன் அளவு தெரிந்த பிறகே போரிங் செய்யச் சொல்லுங்கள். ஜே.சி. ரோட்டில் இல்லாதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கலாம். அதற்கு அலைய வேண்டும்.

இப்போது வந்திருக்கும் புதுக் கவலை பெட்ரோல். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்று எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், கார்க் பேக்கிங் எல்லாவற்றையும் ஊறவைக்கும். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் கசிவு விளையாட்டல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃபிரமும் போடுங்கள், டேங்கை உள்ளே சுத்தம்செய்யுங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

சட்டமும் மேஸ்திரி பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மனம்போல மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவம் கெடாத வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். ஆனால் அதில் வாடகைச் சுமை ஏற்ற முடியாது. எந்த வழி போவதென்று முடிவுசெய்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள். போல்ட்டில் மாட்டியவனுக்கு அசலுக்குத் திரும்ப வழி இருக்கும்.

பெயிண்ட் வேலையை அவசரப்படுத்தாதீர்கள். டிங்கரிங்கில் தகட்டை எவ்வளவு நேராக்குகிறோமோ அவ்வளவுக்குப் புட்டி குறையும். தடித்த புட்டி அதிர்வில் உதிரும். மழைக்கால ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் பெயிண்ட் வெளுத்துப்போகும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்று எழும்புவதற்கு முன் அடித்து முடியுங்கள். தொட்டிக்குப் பலகை போட்டால் இடையில் நீர் வடியச் சந்து விடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. எந்த சீல், எந்த பேரிங், என்ன நம்பர், எந்த ஒயர் எங்கே போகிறது, எதை மாற்றினோம், கழற்றிய அசல் சாமான் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதி வண்டியிலேயே வையுங்கள். நான் செய்த ஒரு பிக்கப் கைமாறி ஆந்திரப் பக்கம் போனது. அங்கே மாஸ்டர் சிலிண்டர் கசிந்தபோது, முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் அந்த நோட்டைப் பார்த்து கிட் வாங்கி, சாலையோரத்திலேயே மாற்றி அனுப்பியிருக்கிறார். என்னைக் கூப்பிட வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. ஒரு வேலை முடிந்தது என்று நான் சொல்வது அப்போதுதான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பழைய சட்டையோடு, ஒரு கம்பி பிரஷ்ஷும் ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள். முதலில் சேஸிஸைத் தட்டுவோம்.