திருநீர்மலைப் படிக்கட்டில் ஒரு சித்தி

பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இடுப்பெலும்பு இடம் மாறும்வரை குலுங்கினால் திருநீர்மலை வந்துவிடும். சினிமாவில் ஓடிப்போகிற ஜோடிகள் அவசரமாக மாலை மாற்றிக்கொள்வார்களே, அந்தக் கோயில்தான். அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார், ரங்கநாதர் படுத்திருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து தரிசித்தாராம். நான் ஆட்டோவுக்குக் காத்திருந்த இருபது நிமிஷத்துக்கே அலுத்துக்கொண்டவன்.

பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர். சுருள்சுருளான முடி, நெற்றியில் குங்குமம். என் கைவசம் இருந்த இங்கிலீஷை எடுத்துவிட்டேன்.

"யூ... நைஜீரியா?"

"இல்ல சார், எல்லாப்பூர். கர்நாடகா. தாம்பரத்துல வேலை. நான் சித்தி சார்."

"யாருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். நல்லவேளை, சிரித்துவிட்டார்.

சித்தி என்பது அவருடைய இனத்தின் பெயர். கர்நாடகாவின் வடகன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமத்நகர் ராஜ்யத்தையே ஆட்டிவைத்த மாலிக் அம்பர் (மறைவு 1626) பற்றிப் படித்திருப்பீர்கள். ஆனால் இவருடைய முன்னோர்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. போர்ச்சுகீசியர்கள் கப்பலில் ஏற்றி வந்த சரக்குக்குப் பெயர் எதற்கு?

எழுதாததை ரத்தம் எழுதி வைத்திருக்கிறது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்தில் தங்கராஜ் குழுவினர் சித்திகளின் மரபணுவைப் படித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்பா வழிக்கு ஒய் குரோமோசோம், அம்மா வழிக்கு மைட்டோகாண்ட்ரியா. இரண்டுமே சஹாராவுக்குத் தெற்கே பாண்டு மொழி பேசுகிறவர்களைக் கைகாட்டின. இந்தியக் கலப்பு எப்போது? சிவப்புச் சீட்டையும் கறுப்புச் சீட்டையும் தனித்தனியாக அடுக்கிக் குலுக்குங்கள். குலுக்கக் குலுக்க ஒரே நிறமாகச் சேர்ந்திருக்கும் துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போகும். துண்டின் நீளத்தைப் பார்த்து எத்தனை குலுக்கல் என்று சொல்லிவிடலாம். சித்திகள் விஷயத்தில் எட்டுத் தலைமுறை, அதாவது சுமார் 200 வருஷம்.

இதையெல்லாம் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்ல கொங்கணிதான் சார் பேசுவோம். ஆப்பிரிக்கா போனா அவங்க பாஷைல ஒரு வார்த்தை தெரியாது. இங்க பாஷை தெரியும், ஆனா வாடகைக்கு வீடு கேட்டா ஃபாரினருக்குத் தர்றதில்லைங்கறாங்க. ஆதார் கார்டைக் காட்டினா, 'இது ஒரிஜினலா?'ன்னு திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க."

எனக்கு என் 'நைஜீரியா' தொண்டையில் முள்ளாகக் குத்தியது. யோசித்தால், என் பாட்டன்களுக்குப் பாட்டன்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியவர்கள்தானே. முதல் பஸ்ஸில் வந்து ஜன்னல் சீட்டில் துண்டு போட்டவன், அடுத்த பஸ்ஸில் வந்தவரைப் பார்த்து 'நீ எந்த ஊரு?' என்று கேட்ட கதை. அவர்களாவது நடந்து வந்தார்கள். இவருடையவர்களைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"வீடு கிடைச்சுதா?" என்றேன்.

"பதினாலாவது வீடு, சார். ஓனர் பாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

சேர்ந்தே மேலே போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இறங்கினோம். அடிவாரத்தில் ஒரு துளசி மாலையை நாற்பதிலிருந்து இருபத்தைந்துக்குப் பேரம் பேசி வாங்கினார், சுத்தத் தமிழில். அவர் நகர்ந்ததும் பூக்கார அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்:

"யாரு தம்பி, கிரிக்கெட் பிளேயரா? எந்த நாடு?"

"நம்ம நாடுதாம்மா."

"அட போ தம்பி, வெளையாடாத!"