கசிவு நின்றால் போதுமா?

நண்பர்களே, இன்று கொஞ்சம் கணினி. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், வருத்தமில்லை.

ஆம்பூரில் என்னிடம் சி மொழி படித்த மாணவி ஒருத்தி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். டேனரி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வைக்கும் சிறு பெட்டி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறாள். உள்ளே வரும் நீருக்கு ஒரு மீட்டர், வெளியேறும் நீருக்கு ஒரு மீட்டர். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் படித்து அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை பெட்டி ஹேங் ஆகிவிடுகிறதாம். திருத்தம் எழுதி, "சார், ஒரு தடவை பார்த்துடுங்க, திங்கட்கிழமை ஏத்தணும்" என்று அனுப்பியிருந்தாள்.

பழைய நிரல் எடுத்த எடுப்பிலேயே மாலாக் மூலம் 4 கிலோபைட் நினைவகத்தை வாங்கிவிடுகிறது. பிறகுதான் மீட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கிறது. பதில் இல்லையா, அங்கேயே திரும்பிவிடும். இடத்தைத் திருப்பித் தரும் ஃப்ரீ இருப்பதோ கடைசி வரியில். அங்கே போய்ச் சேர்ந்தால்தானே? ஒரு மீட்டரின் கம்பி அறுந்தால் போதும். நாளுக்கு 1440 நிமிடம், 5,760 கிலோபைட் போச்சு. பெட்டியில் மிச்சமிருந்த 40 மெகாபைட் ஏழே நாளில் காலி.

சின்னக் கசிவுதானே என்று விடக்கூடாது. 1992 நவம்பர் 4 அதிகாலை லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி நின்றதற்கு, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வராத நினைவகம்தான் காரணம்.

மாணவி செய்தது லேசி இனிஷியலைசேஷன். ஆர்டர் வருமுன் தோலை ஊறப்போடாத முதலாளி மாதிரி. பாயிண்டரை நல் என்று வைத்துவிட்டு, மீட்டர் பதில் சொன்ன பிறகு முதல்முறை மட்டும் இடம் வாங்குவது. அடுத்த நிமிடம் அதே இடம். வால்கிரைண்ட் கருவியில் ஓட்டி, 'தொலைந்தது பூஜ்யம்' என்று ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருந்தாள்.

ஆனால் அந்தப் பாயிண்டர் ஸ்டாடிக். இரண்டு மீட்டருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. படிப்பவையோ இரண்டு திரெட்கள். இரண்டும் ஒரே கணத்தில் நல் என்று பார்த்தால் இரண்டுமே இடம் வாங்கும், ஒன்று தொலையும். 4 கிலோபைட், அதுவும் ஒரே தடவை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதன் பிறகு இரண்டும் ஒரே பலகையில் எழுதுகின்றனவே, அதுதான் பயம். வெளியேறும் நீரின் எண்மேல் உள்வரும் நீரின் எண் விழலாம். பழைய நிரல் நின்றுபோனால் ஆள் வந்து பார்ப்பார். புதியது நிற்காது, தப்பான கணக்கை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருக்கும். பாலாற்றங்கரைக்காரர்கள் நாம். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, இந்த எண்களுக்கு என்ன எடை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வால்கிரைண்ட் வழக்கமாகச் செய்யும் கசிவுச் சோதனையில் இது தெரியாது. திரெட் மோதலுக்கு அதே தொகுப்பில் ஹெல்கிரைண்ட் என்று தனியாக இருக்கிறது.

இப்படி எழுதி அனுப்பினேன்: பாயிண்டரை அந்தந்த மீட்டரின் ஸ்ட்ரக்சருக்குள் வையம்மா. நல்லில் தொடங்கு. அதன் திரெட்டே இடம் வாங்கட்டும், மூடும்போது ஃப்ரீ செய்யட்டும். கடைசிவரை பதிலே வராத மீட்டருக்கும் பயமில்லை. நல்லை ஃப்ரீயிடம் கொடுத்தால் சி மொழியில் ஒன்றும் ஆகாது. பூட்டும் தேவைப்படாது.

"அப்போ திங்கட்கிழமை ஏத்த முடியாது சார்" என்றாள். தள்ளிப் போடு என்றேன். புதன்கிழமை ஹெல்கிரைண்ட் அறிக்கையோடு வந்தது. இந்த முறை ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன்: மாலாக்கே இடம் இல்லை என்று நல்லைத் திருப்பினால் என்ன செய்கிறாய்? இன்னும் பதில் வரவில்லை.