காமிராவும் அரபுத்தமிழ் ஏடும்

பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி தோன்றுகிறது என்பதை, பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னு அல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளியையும் அவர் ஆராய்ந்தார். அத்துளையின் வழித்தோன்றலே இன்றைய காமிரா எனின் மிகையன்று.

அண்மையில் நண்பர் ஒருவரின் கேனன் ஈஓஎஸ் ஆர்50 காமிராவை ஒரு வாரம் இரவல் பெற்றேன். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இது, தொடக்க நிலையினருக்கான 'மிரர்லெஸ்' வகையைச் சார்ந்தது. எஸ்.எல்.ஆர். காமிராக்களில் ஒளியைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும் ஆடி ஒன்று உண்டு. இதில் அவ்வாடி இல்லை. ஒளி நேரே உணரியில் விழுவதால், எடுக்கவிருக்கும் படத்தின் வெளிச்சத்தைத் திரையில் முன்கூட்டியே காணலாம். எடையும் ஏறத்தாழ 375 கிராமே.

என் நோக்கம் ஒன்றே. நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்து வருகின்றன. விலையுயர்ந்த கருவி வாய்க்கும்வரை அவை காத்திரா. அவற்றைப் பதிந்து வைக்க இவ்வெளிய காமிரா போதுமா?

முதலில் அன்றாடக் காட்சிகளில் சோதித்தேன். காலை வெயிலில் தெருவில் ஓடிய என் பேரனின் கால்கள், நொடியில் 500இல் ஒரு பங்கு வேகத்தில் தெளிவாகப் பதிந்தன. அவன் திரும்பியபோதும் காமிரா அவன் கண்களைத் தொடர்ந்து பற்றியது. மாலையில், நோன்புக் கஞ்சி வழங்கியோரின் இசைவு பெற்றுப் பள்ளிவாசல் முற்றத்தில் படமெடுத்தேன். உடன் வரும் 18-45 மி.மீ. லென்ஸ், 45 மி.மீ. நிலையில் எஃப் 6.3 அளவே திறக்கிறது. வெளிச்சம் குன்றவே ஐ.எஸ்.ஓ. 6400க்கு உயர்ந்து, முகங்களில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றின. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 12 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆகவே, குறை பெரிதும் லென்சினுடையதே.

பின்னர், உறவினர் வீட்டு ஏட்டை எடுக்க முனைந்தேன். வீட்டைவிட்டு அதனை வெளியே அனுப்ப அவ்வீட்டு மூதாட்டியார் இசையவில்லை. காமிரா வீட்டிற்கு வருவதை மறுக்கவில்லை. வெயில் நேரே படாத சன்னலோரத்தில் ஏட்டை விரித்து, முக்காலியில் காமிராவைக் குனிந்து நோக்குமாறு பொருத்தி, ஃபிளாஷ் இன்றி ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்தேன்.

அரபுத்தமிழில், தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இடுவர். ஒரு புள்ளி மறையின் சொல்லே மாறிவிடும். இக்காமிராவின் படம் நீளவாக்கில் 6000 படப்புள்ளிகள் கொண்டது. 30 செ.மீ. உயரமுள்ள பக்கம் அதனை நிறைக்குமாயின், ஒரு செ.மீட்டருக்கு 200 படப்புள்ளிகள் அமையும். கணினியில் பெரிதாக்கியபோது, எழுத்தின் புள்ளி எது, பூச்சி அரித்த துளை எது என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. ஒரு முற்பகலில் 84 பக்கங்கள் பதிவாயின.

பகலொளியும் முக்காலியும் பொறுமையும் இருப்பின், இப்பணிக்கு எளிய காமிராவே போதுமானது. பெரியோர்கள் பரண்களைத் திறக்கட்டும்; மாணவர்கள் காமிராவுடன் அவ்வீடுகளை நாடட்டும். இன்ஷா அல்லாஹ், எஞ்சியுள்ள ஏடுகளையேனும் அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்போம்.