எங்கள் வீட்டுக் குட்டை ஸ்பானர்

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது பழமொழி. துரும்பின் அருமையை உணர வேண்டுமானால் முதலில் பல்லில் ஏதேனும் சிக்க வேண்டும். அதுபோல ஒரு குட்டை ஸ்பானரின் அருமையை நாங்கள் உணர்வதற்கு வீட்டு மோட்டார் பழுதாக வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இவ்வாண்டு மலரில் சொல்ல வந்திருக்கிறோம்.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. பேனாவைப் பிடித்தவள் மூத்தவள். “அதை விட்டுவிட்டாய், இதை விட்டுவிட்டாய்” என்று அருகிலிருந்து இடித்துக் கொண்டிருந்தவள் இளையவள். ஆகவே ‘நாங்கள்’ என்று எழுதுவதே நியாயம்.

கோவில்பட்டி என்றதும் வெளியூராருக்குக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். 2020-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். எங்களூர்க்காரருக்கோ எல்லாவற்றுக்கும் முன்பாக நினைவுக்கு வருவது தண்ணீர்தான். தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே நெடுந்தூரம் கடந்து வந்து, என்றோ ஒருநாள் எங்கள் தெருவை எட்டிப் பார்க்கும். வந்த அன்று தரைத்தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது சிறு மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வோம். (தெருக்குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சும் பாவத்தை நாங்கள் செய்ததில்லை!) அப்பா வெளிநாட்டில் ஃபிட்டர் வேலையில் இருக்கிறார். வீட்டில் தையல் வேலை செய்யும் அம்மா, ஆச்சி, நாங்கள் இருவர்.

சென்ற சித்திரை மாதத்தில் மோட்டாரின் சத்தம் மாறியது. வழக்கமான ‘ர்ர்ர்’ என்ற ஒலிக்கு நடுவே யாரோ கொப்பளிப்பது போன்ற ஓர் ஒலி. எங்கள் இருவர் காதிலும் அது விழுந்தது. ஆனால் தேர்வு நேரம். ‘அவள் சொல்லுவாள்’ என்று இவளும், ‘இவள் சொல்லுவாள்’ என்று அவளும் இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் மோட்டார் ஓடியது, ஆனால் மாடிக்குச் சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை. நாங்கள் பள்ளியில் இருந்த வேளையில், ஆச்சி தரைத்தொட்டியில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைக்கப் போய், ஈரச் சிமெண்டில் வழுக்கி விழுந்தார்கள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மாலையில் வந்து அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. “நாங்கள் மூன்று நாளைக்கு முன்பே சத்தத்தைக் கேட்டோம்” என்று அன்று சொல்லத் துணிவும் வரவில்லை. இம்மலரில்தான் முதன்முதலாக எழுதுகிறோம்.

அன்றிரவு அப்பா தொலைபேசியில், “மோட்டாரைத் தொடாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க” என்றார். கூப்பிட்ட ஆளுக்கோ ஊரெல்லாம் வேலை. ‘நாளைக்கு’ என்ற அந்த நாளை வர நான்கு நாளாயிற்று. அதற்குள் நாங்களே அப்பாவின் பழைய பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய ஸ்பானரை எடுத்து, மோட்டாரின் முன்புறம் தெரிந்த போல்ட்டை இறுக்கினோம். போதாதென்று ஸ்பானரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, இருவருமாகத் தொங்கினோம். ‘டக்’ என்று போல்ட்டின் தலை தனியே வந்து விழுந்தது. அம்மா எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

நான்காம் நாள் வந்த மெக்கானிக் அண்ணன்தான் நோயைக் கண்டுபிடித்தார். தொட்டியிலிருந்து வரும் உறிஞ்சு குழாயை மோட்டாரோடு சேர்க்கும் ஃபிளாஞ்சில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. முன்னது நாங்கள் ஒடித்தது. பின்னதுதான் உண்மையில் தளர்ந்திருந்தது. அது சுவரை ஒட்டி ஒளிந்திருந்ததால் எங்கள் கண்ணில் படவேயில்லை. உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. மோட்டார் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றை இழுக்கும் மோட்டார் தண்ணீரை ஏற்றாது. நாங்கள் கேட்ட கொப்பளிப்பு அந்தக் காற்றின் ஒலிதான்.

“ஏன் அண்ணே தளருது?” என்று கேட்டோம். அவர் தரையைக் காட்டினார். எங்கள் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் கட்டிய சிமெண்டு மேடையும் ஆண்டுதோறும் சற்று ஏறி இறங்கும். மேடை அசைந்தால் குழாய் இழுபடும். போதாக்குறைக்கு மோட்டாரின் அதிர்ச்சி வேறு. பருத்தியை வாரிக் கொடுக்கும் அதே மண்தான் நட்டையும் கழற்றி விடுகிறது!

பின்பக்க நட்டை எட்ட முடியாமல் அவர் மோட்டாரையே பெயர்த்தெடுத்து மாட்டினார். அரை நாள் வேலை. போகும்போது, “ரெண்டு மாசத்துக்கு ஒருக்க அந்த நட்டைப் பாத்துக்கோங்க. கைக்கு அடக்கமா குட்டை ராட்செட் ஸ்பானர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா என்னைக் கூப்பிட வேண்டியதில்ல” என்றார். தம் வருமானத்தைத் தாமே குறைத்துக்கொண்ட அந்த நல்ல மனிதரை நாங்கள் மறக்க மாட்டோம்.

“பொம்பளப் பிள்ளைகளுக்கு ஸ்பானர் எதுக்கு?” என்றார் அம்மா. கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் இருந்த ஆச்சி, “ஏன், தையல் மிஷினை நீ கழத்தி மாட்டலையா? அது என்ன ஆம்பள மிஷினா?” என்றார்கள். அம்மா சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது.

மறுநாள் இயற்பியல் ஆய்வகத்தில் சிஸ்டரிடம் ராட்செட் என்றால் என்ன என்று கேட்டோம். சிஸ்டர் எங்களைச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கே அழைத்துச் சென்று, ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார்கள். ‘டிக் டிக் டிக்’ என்று ஒலித்தது. “மிதித்தால் பிடித்துக்கொள்கிறது, மிதிக்காதபோது வழுக்கி ஓடுகிறது. ஃப்ரீவீலுக்குள் பற்கள் உள்ள சக்கரமும், அதில் விழுந்து எழும் சிறு கொக்கியும் இருக்கின்றன. ஒரு பக்கம் திரும்பினால் கொக்கி பிடிக்கும், மறுபக்கம் திரும்பினால் தாவிப் போகும். அதுதான் ராட்செட்” என்றார்கள். தினமும் அந்த ஒலியோடு பள்ளிக்கு வந்தும் நாங்கள் அதைக் கேட்டதில்லை! வெவ்வேறு அளவுப் பாக்ஸுகளை மாற்றிப் போடக்கூடிய ராட்செட் ஸ்பானருக்கு 1863-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்பவர் காப்புரிமை பெற்றார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

கரும்பலகையில் கணக்கும் போட்டோம். சாதாரண வளைய ஸ்பானரில் 12 முனைகள். ஒருமுறை எடுத்து மறுமுறை மாட்ட அதை 30 பாகையாவது திருப்பியாக வேண்டும். எங்கள் மோட்டாரின் பின்னால், ஒருபுறம் குழாயும் மறுபுறம் சுவருமாக, 10 சென்டிமீட்டர் பிடிக்குக் கிடைக்கும் இடமோ 20 பாகைதான். 72 பற்கள் உள்ள ராட்செட்டுக்கு 360-ஐ 72-ஆல் வகுத்தால் 5 பாகை அசைவே போதும். எடுக்காமல், மாட்டாமல், 18 முறை அசைத்தால் நட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். குட்டையாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதே கைவிசைக்கு 25 சென்டிமீட்டர் பிடி, 10 சென்டிமீட்டர் பிடியைப்போல் இரண்டரை மடங்கு திருப்பும். நாங்கள் குழாயைச் செருகிப் பிடியை நீட்டியதால்தான் போல்ட் ஒடிந்தது. சிறு போல்ட்டுக்குச் சிறு பிடியே காவல்.

உண்டியலை உடைத்ததில் 740 ரூபாய் தேறியது. கடைவீதியில் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம்.

“அண்ணாச்சி, குட்டை ராட்செட் ஸ்பானர் வேணும்.”

“யாருக்குத் தாயி? அப்பா அனுப்பிச்சாகளா?”

“எங்களுக்குத்தான் அண்ணாச்சி.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று வகைகளை எடுத்து வைத்தார். முதலாவது நாலு நூல், அதாவது அரை அங்குலச் சதுரமுனை கொண்ட பெரிய செட். (எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு.) அது கார்ச் சக்கரம் கழற்றுவோருக்கு ஏற்றது. இரண்டாவது, மூணு நூல் முனையுள்ள குட்டைப் பிடியும் பல அளவுப் பாக்ஸுகளும். பெட்டியைப் பார்த்ததும் எங்கள் நாவில் நீர் ஊறியது. மூன்றாவது, வளையத்துக்குள்ளேயே பற்கள் அமைந்த குட்டை ஸ்பானர். அழகில் சுமார்தான். ஒன்று ஓர் அளவுக்கு மட்டுமே உதவும்.

இரண்டாவதையே கேட்டோம். அண்ணாச்சி கொடுக்கவில்லை. “நட்டுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடம் இருக்கு? போல்ட் முனை நட்டைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு? அளந்தீங்களா?” என்றார். அளக்கவில்லை! “அளந்துட்டு வாங்க தாயி, ஸ்பானர் எங்கயும் ஓடிப்போகாது.”

வெயிலில் வீடு திரும்பினோம். ஸ்கேல் நுழையாத இடம். தீப்பெட்டி அட்டையைக் கீறி உள்ளே விட்டு, மடித்த இடத்தைக் குறித்து அளந்தோம். சுவருக்கு 5 சென்டிமீட்டர். போல்ட் முனை நட்டைத் தாண்டி 12 மில்லிமீட்டர். மறுநாள் அந்த அட்டையையே அண்ணாச்சியிடம் நீட்டினோம். அவர் மகிழ்ந்து போனார். “பாத்தீங்களா, சாதாரணப் பாக்ஸுக்குள்ள இந்த முனை அடங்காது. ஆழமான பாக்ஸ் போட்டா சுவர் இடிக்கும். வளைய ராட்செட்டுன்னா போல்ட் முனை ஓட்டை வழியா வெளிய வந்துரும்.”

பிறகு எப்படிப் பொறுக்குவது என்றும் கற்றுக் கொடுத்தார். ‘குரோம் வனேடியம்’ என்ற முத்திரையும் அளவும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ‘டிக்’ ஒலி ஒரே சீராக வர வேண்டும். ஒரு பல் தாண்டினாலும் ஒதுக்கிவிட வேண்டும். வளையத்தை விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. கல்லாவின் ஓரத்தில் இருந்த வைஸில் ஒரு போல்ட்டைப் பிடித்து எங்களையே திருப்பிப் பார்க்கச் சொன்னார்.

எந்த அளவு? முந்தைய இரவே வீட்டில் கண்ணில் பட்ட நட்டுகளையெல்லாம் எண்ணி வைத்திருந்தோம். மொத்தம் 31. அவற்றில் 14-க்கு 10 மில்லிமீட்டர் ஸ்பானர், 9-க்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானர். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை பெரும்பாலும் 10, 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 13 என்பதால் வீடுகளில் இவ்விரண்டுமே மிகுதி. அந்த இரண்டு ஸ்பானர்களை மட்டும் வாங்கினோம். பல அளவுகள் தேவைப்படும் வீட்டாருக்குப் பாக்ஸ் செட்டே சிக்கனம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் நட்டின் ஆறு பக்கங்களையும் பிடிக்கும் ஆறுமுனைப் பாக்ஸாகப் பார்த்து வாங்குவது நல்லது. தேய்ந்த நட்டில் அது வழுக்காது.

ஒன்றை மறக்கலாகாது. துருவேறிய நட்டை ராட்செட்டால் முதன்முதலில் அசைக்கக் கூடாது, உள்ளிருக்கும் சிறு பற்கள் உடைந்துவிடும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சாதாரண ஸ்பானரால் இளக்கிய பிறகே ராட்செட்டைப் போட வேண்டும்.

ஆடி மாதத்தில் மீண்டும் அந்தக் கொப்பளிப்பு ஒலி கேட்டது. இம்முறை இருவரும் ஒரே நேரத்தில் “அம்மா!” என்று கத்தினோம். பிளக்கைப் பிடுங்கினோம். இளையவளின் கை மெலிந்தது, ஆகவே அவளே கையை நுழைத்தாள். வலப்பக்கம் திருப்பினால் இறுகும் என்று படித்திருந்தோம். திருப்பினாள், திருப்பினாள், நட்டு கழன்று கையோடு வந்துவிட்டது! நட்டு இருந்தது பின்பக்கம், நாங்கள் பார்த்ததோ முன்பக்கத்திலிருந்து. அங்கே வலமும் இடமும் மாறிவிடும் என்பதை யோசிக்கவில்லை. கழன்றதும் நல்லதாயிற்று. ஒரு ஸ்பிரிங் வாஷரைச் சேர்த்து, ஸ்பானரைக் கவிழ்த்துப் போட்டு, ‘டிக் டிக்’ என்று இறுக்கினோம். மோட்டாரில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, பிளக்கை மாட்டினோம். சிறிது நேரம் காற்று. பிறகு மாடித் தொட்டியில் ‘சோ’வென்று தண்ணீர் விழும் ஓசை! ஆச்சி முற்றத்துக்கு வந்து, முழுதாக மடங்காத அந்த வலக்கையைக் காதருகே வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே நின்றார்கள்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னோம். திட்டுவாரோ என்று அஞ்சினோம். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு, “எத்தனை பல்லு உள்ளது வாங்குனீங்க?” என்று கேட்டார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கேட்பது போன்ற கேள்வி! “எழுபத்திரண்டு அப்பா” என்றோம். “நல்லது” என்றார். நாங்கள் பெற்ற பரிசுகளிலெல்லாம் பெரியது அந்த ஒரு சொல்தான்.

பெண்கள் ஸ்பானர் பிடிப்பது புதுமையன்று, தோழியரே! 1980-களில் எங்கள் தமிழ்நாட்டுக் கோவை வட்டாரத்தில், கிராமத்தாரே எளிதில் பழுது பார்க்கக்கூடிய கைப்பம்புகளைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். அதிலிருந்து உருவானதே ‘இந்தியா மார்க் 3’ பம்பு. 1990-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கைப்பம்பு மெக்கானிக்குகள் ஆனார்கள். தண்ணீர் இல்லையென்றால் குடத்தோடு அலைபவர்கள் பெண்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் நட்டை இறுக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஸ்பானர் வாங்குங்கள், வாங்காமல் போங்கள், அது உங்கள் வீட்டு நட்டுகளைப் பொறுத்தது. வாங்குவதாயின் அளந்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் ஏதேனும் ஒன்றின் சத்தம் மாறினால், தேர்வே இருந்தாலும், ‘அவள் சொல்லுவாள்’ என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆச்சி, எங்களை மன்னித்துவிடுங்கள்.