எந்தப் பாட்டு முதலில்?

ஒரு பொப் அல்பத்திலிருந்து, பெரும்பாலும் அது வெளிவருமுன், தனியாகப் பிரித்து விடப்படும் பாட்டுக்கு ‘சிங்கிள்’ என்று பெயர். இசைத்தட்டுக் காலம் விட்டுச்சென்ற சொல் இது. 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுழற்சிச் சிறுதட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் கொள்ளும் என்பதால், எதை முன்பக்கத்தில் போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. கொழும்பில் ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ முத்திரை சிங்களப் பொப் பாட்டுகளை இவ்வகைச் சிறுதட்டுகளில் வெளியிட்டது. இலங்கைத் தமிழ்ப் பொப்பில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பெயரெடுத்த காலத்தில் மேடையும் வானொலியும் பாட்டைப் பரப்பின. இன்று தட்டு போய்விட்டது, கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்கிசையில் காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவே, ஒரு வீட்டின் பின்னறையில் இயங்கும் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு இக்கட்டுரையாளர் சென்ற பிற்பகலில், ஒன்பது பாட்டுள்ள தமிழ் அல்பம் ஒன்றிலிருந்து மூன்றைத் தெரிந்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாடகர், இசையமைப்பாளர், ஒலிப்பொறியாளர் என மூன்றே பேர். சுவரெல்லாம் பஞ்சுப்பலகை ஒட்டியிருந்தும், ரயில் கடக்கும்போது குரல்பதிவை நிறுத்திவிடுகிறார்கள்.

தெரிவு மூன்று இடங்களில் நடக்கிறது. முதலில் கூடத்துப் பெரிய ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். அதில் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்து கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி. அடித்தாளம் அதில் பாதி மறைந்துவிடும், அப்போதும் உயிரோடு நிற்கிற பாட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். கடைசியாக வாசலில் நிற்கும் ஓட்டோவில் போட்டுப் பார்க்கிறார்கள். இஞ்சின் இரைச்சலுக்கு மேலே பல்லவி கேட்கிறதா என்பதே அங்கே சோதனை. அன்று மூவருக்கும் மிகப் பிடித்த பாட்டு, நிதானமாக விரியும் ஒரு சோகப்பாட்டு, இந்த மூன்றாம் சுற்றில் விழுந்தது. பிடித்த பாட்டு வேறு, முதலில் விடும் பாட்டு வேறு என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் வருத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பாட்டின் அமைப்பும் பார்க்கப்படுகிறது. ஸ்பொட்டிஃபையில் 30 விநாடி கேட்ட பிறகுதான் ஒரு கேட்பு கணக்கில் சேரும். ஆகவே நீண்ட முன்னிசை வெட்டப்படுகிறது. பல்லவி முன்னுக்கு இழுக்கப்படுகிறது. டிக்டொக்குக்கு வெட்டி எடுக்க ஏற்ற பதினைந்து விநாடித் துண்டு இருந்தால் அந்தப் பாட்டுக்கு மதிப்பு கூடும். கொழும்பில் இன்னொரு கணக்கும் உண்டு: நடுவில் ஒரு சிங்கள வரி இருந்தால் சிங்கள வானொலியும் அதை எடுக்கக்கூடும். மனோகரனின் ‘சுராங்கனி’ இரு மொழியிலும் பாடப்பட்ட பாட்டு என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை.

அடுத்தது திகதி. அல்பம் வரும் நாளை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். முதல் சிங்கிளுக்கும் அல்பத்துக்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று மாதம் விடப்படுகிறது. ஸ்பொட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாட்டைக் குறைந்தது ஏழு நாள் முன்பே சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு முன் விநியோக நிறுவனத்திடம் கோப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது இசைக்கு வெள்ளிக்கிழமை என்று ஏற்பாடாகியிருக்கிறது. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்ததே 2021இல்தான். இங்கே யூடியூபே பெரிய கடை என்பதால் வெள்ளிக்கிழமையை எல்லோரும் கட்டிக்காப்பதில்லை.

கட்டிக்காப்பது உள்ளூர் நாட்காட்டியை. வெசாக் வாரத்தில் ஆட்டப்பாட்டு விடுவதில்லை. ஏப்ரல் புத்தாண்டுக்குப் பைலாச் சாயல் உள்ள பாட்டு ஓடும். இவற்றைவிடப் பெரிய தடை சென்னையிலிருந்து வருகிறது. ‘ஜெயிலர்’ படத்தின் ‘காவாலா’ 2023 ஜூலை 6இலும், ‘ஹுக்கும்’ 17இலும், ‘ஜுஜுபி’ 26இலும் வெளிவந்தன. படம் ஓகஸ்ட் 10இல் வந்தது. அந்த ஐந்து வாரமும் தமிழ்ப் பண்பலைகளின் காதும் நேரமும் யாரிடம் இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட மாதத்தில் தன் பாட்டை விடும் கொழும்புக் கலைஞர் கடலில் கல் எறிகிறார்.

இத்தனை கணக்கும் தப்புவதுண்டு. ‘மாஸ்டர்’ படத்தின் ‘ஒரு குட்டிக் கதை’ 2020 பெப்ரவரி 14இல் வந்தது. கொரோனாவால் படம் 2021 ஜனவரி 13க்குத் தள்ளிப்போனது. விட்ட பாட்டைத் திருப்பி எடுக்க முடியாது. ‘ஒய் திஸ் கொலவெறி’ கசிந்துவிட்டதால் 2011 நவம்பர் 16இல் அவசரமாக வெளியிடப்பட்டு, எந்தத் திட்டத்தாலும் கிடைக்காத வெற்றி கண்டது.

ஈழத்துப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த மாயா அருட்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏ.யின், ‘கலா’ அல்பம் இதற்கு நல்ல பாடம். 2007 ஓகஸ்டில் அல்பம் வருமுன் முன்னே நிறுத்தப்பட்ட பாட்டு ‘பாய்ஸ்’. பிறகு ‘ஜிம்மி’ வந்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008 பெப்ரவரியில்தான் சிங்கிளாக வந்தது. ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பிறகு அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. இன்று பலருக்கு அந்த அல்பம் என்றால் அந்த ஒரு பாட்டுத்தான். இலங்கைப் பாடகி யொஹானியின் ‘மெனிக்கே மகே ஹித்தே’ இன்னும் விசித்திரம். சதீஷன் 2020இல் வெளியிட்ட பாட்டை 2021 மே மாதம் அவரோடு சேர்ந்து யொஹானி மீண்டும் பாடினார். இந்தியா முழுக்க அதுதான் பரவியது.

கல்கிசைக் கூடத்தில் அன்று மாலை முடிவானது இது: இருமொழிப் பாட்டு முதலில், ஐந்து வாரம் கழித்து ஆட்டப்பாட்டு. ஓட்டோவில் விழுந்த சோகப்பாட்டு மூன்றாவதாக, அல்பம் வரும் அன்றே வெளியாகும். அதற்கு வீடியோ கிடையாது. முதல் இரண்டோடு காசு முடிந்துவிடும்.