நாவும் ஈரலும்

சுவா சூ காங் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்தவர் அவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். உண்மையை ஒளியாது உரைக்க வேண்டும் என்று மாணாக்கருக்குப் பல்லாண்டுகள் கற்பித்தவர். ஆயினும், ஒன்றை மட்டும் முப்பது ஆண்டுகள் ஒளித்தே வாழ்ந்தார். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. சிராங்கூன் சாலைப் பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் பினைட்டாயின் மாத்திரை பெற்று நாளும் உண்டு வந்ததை மனைவியன்றி வேறெவரும் அறியார்.

பின்னர், அவரைக் காசநோய் பற்றியது. நாள்தோறும் பலதுறை மருந்தகம் சென்று, தாதியர் முன்னிலையில் மாத்திரைகளை விழுங்கினார். வேறு மருந்து உண்பதுண்டோ என வினவியபோது, இல்லை என்றுரைத்திருந்தார்.

சில வாரங்களில் நடை தள்ளாடியது, நாக் குழறியது, கண்மணிகள் நிலைகொள்ளாது ஆடின. கீழ்த்தளத்தில் அமர்ந்திருந்தோர், “வாத்தியார் இந்த வயதிலா குடிக்கத் தொடங்கினார்?” என்றனர். மதுவைத் தீண்டாதவர் செவியில் அச்சொல் விழுந்தது.

மனைவி பொறுக்கவில்லை. இரு மருந்துகளையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினார். உண்மை வெளிப்பட்டது.

நாம் உண்ணும் மருந்துகளிற் பலவற்றைச் சிதைப்பது ஈரல். அதற்குத் துணைநிற்பன நொதிகள். 1938ஆம் ஆண்டு முதல் வலிப்புக்குப் பயன்பட்டுவரும் பினைட்டாயினும் அவ்வாறே சிதைகிறது. 1952இல் காசநோய் மருத்துவத்துக்கு வந்த ஐசோனியாசிட் அந்நொதிகளைத் தடுக்கும். அப்போது பினைட்டாயின் குருதியில் தேங்கி, குடிமயக்கம் போன்றதொரு நிலையைத் தரும். ஐசோனியாசிடை மெதுவாகச் சிதைக்கும் உடலியல்பு இந்தியர் பலரிடம் உண்டு. அவர்களுக்கு இடர் மிகுதி. உடன் தரப்படும் ரிஃபாம்பிசினோ நொதிகளைப் பெருக்கிப் பினைட்டாயினைக் குறைக்க வல்லது. ஒன்று தடுக்க, ஒன்று தூண்ட, விளைவை ஊகித்தறிதல் இயலாது. குருதியைச் சோதித்தே அளவை வகுத்தல் வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவதோ மீண்டும் வலிப்பை வரவழைக்கும்.

மருத்துவர் அளவைக் குறைத்தார். காசநோய் மருத்துவம் முடிந்ததும் அதனை மீண்டும் சோதித்துத் திருத்த வேண்டும் என்றார். நடை சீரடைந்தது. ஒருநாள் மாலை, ஆசிரியர் கீழ்த்தளத்திற்குச் சென்று அண்டை வீட்டாரிடையே அமர்ந்தார். “எனக்கு வலிப்பு நோய் உண்டு” என்று தாமே சொன்னார். எவரும் எழுந்து போகவில்லை. முப்பது ஆண்டுகள் நா மறைத்ததை ஈரல் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை என்பதை அன்றே அவர் உணர்ந்தார்.